ஹாட்டி அடுப்புக்கு நீல நிறம் கிடையாது

நீலப் பலகையை வெர்லின் கையில் வாங்கவில்லை. கொரின் அதை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள். அவர் காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டுப் போய் மாட்டுங்க வெர்லின். ஒன்பது மணிக்கு லிஃப்ட் ஓட ஆரம்பிச்சிடும்."

"எங்க மாட்டறது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஹாட்டி அடுப்புச் சரிவுல."

"அங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. கறுப்பு."

"அதைக் கழட்டிட்டு இதை மாட்டணும்."

"மாட்டேன்."

பனியில் சறுக்க வருகிறவர்களை நாற்காலி லிஃப்ட் உச்சிக்குக் கொண்டுபோகும் டிம்மன்ஸ் மலையில் வெர்லின் ஸ்டோக்கிக்கு அது நாற்பத்தோராவது குளிர்காலம். பேட்ரோல்காரர்களுக்குத் தலைவர். சிவப்புச் சட்டை, முதுகில் வெள்ளைச் சிலுவை. காலையில் சரிவுகளைப் பார்த்துத் திறப்பது, விழுந்தவர்களை மீட்பு வண்டியில் கட்டி இறக்குவது, சாயங்காலம் கடைசி ஆள் இறங்கிவிட்டானா என்று பார்த்து மூடுவது, இதுதான் வேலை. வயது எழுபத்தொன்று. எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. படித்தவர்கள் கொண்டுவரும் காகிதத்தின் மேல் அவருக்கு நம்பிக்கையும் கிடையாது.

ஆனால் பலகைகளை அவர் நம்பினார். பச்சை வட்டம் என்றால் நேற்றுதான் காலில் ஸ்கீ என்கிற சறுக்குக் கட்டையை மாட்டியவன்கூடப் போகலாம். நீலச் சதுரம் என்றால் திரும்பவும் நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும். கறுப்பு டைமண்ட் என்றால் கைதேர்ந்தவன் மட்டும். இந்த நிறங்களைக் கொடுப்பது அரசாங்கம் இல்லை. ஒவ்வொரு மலையும் தன் சரிவுகளைத் தனக்குள்ளேயே ஒப்பிட்டுத் தானே கொடுத்துக்கொள்ளும். ஒரு மலையின் நீலம் இன்னொரு மலையின் கறுப்பாக இருக்கும். எல்லாக் கூத்தும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொரின் டுபே போன கோடையில்தான் மேலாளராக வந்தாள். மலையை வாங்கிய கம்பெனி அனுப்பியது. யூட்டாவில் பெரிய மலைகளில் வளர்ந்தவள், பந்தயங்களில் ஓடியவள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. பழைய மேப்பை எடுத்து எண்ணிப் பார்த்திருக்கிறாள். பச்சை மூன்று, நீலம் நான்கு, கறுப்பு ஒன்பது.

"போன் பண்ற குடும்பம் எல்லாம் ஒரே கேள்விதான் கேக்குது வெர்லின். 'நீலம் எவ்வளவு இருக்கு?' நாலுன்னா போனை வெச்சிடறாங்க. கறுப்பை நம்பி மலை நடத்த முடியாது."

"அப்ப நீலமா இருக்கறதைத் தேடு. இல்லாததுக்குப் பெயின்ட் அடிக்காத."

"புது மேப் வரையற கேரிக் கம்ப்யூட்டர்ல அளந்திருக்கான். ஹாட்டி அடுப்போட சராசரிச் சரிவு இருபத்துமூணு டிகிரி. நான் வளர்ந்த எடத்துல இது நீலம்."

"சராசரியா?" வெர்லின் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு எட்டுப் பல்லு இல்ல. என் பொண்டாட்டிக்கு எல்லாம் இருக்கு. உன் சராசரியைப் பாத்தா நாங்க ரெண்டு பேருமே எலும்பு கடிக்கலாம். வீட்டுக்கு வந்து பாரு, யாரு கடிக்கறாங்கன்னு."

கொரினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஹாட்டி அடுப்பு அப்படிப்பட்ட இடம். மேலே அகலமாக, தட்டையாக, அடுப்பு மேடை மாதிரி இருக்கும். யாருக்கும் ஆசை வரும். நூறு கஜம் போனதும் இடப்பக்கம் ஒரு வளைவு. வளைவோடு மேடை முடிந்துவிடும். அதற்கு அப்புறம் வடக்குப் பார்த்த சரிவு. வெயில் படாது. காற்று புதுப்பனியைச் சுரண்டிக்கொண்டு போய்விட, மிச்சம் சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடக்கும். இரண்டு பக்கமும் அடர்ந்த காடு. ஏறித் திரும்பவும் முடியாது, ஒதுங்கிப் போகவும் வழியில்லை. மேலே உள்ள தட்டையையும் கீழே உள்ள செங்குத்தையும் சேர்த்து வகுத்தால் இருபத்துமூன்று டிகிரிதான் வரும். வராமல் என்ன?

"நான் ரெண்டு தடவை போயிருக்கேன். பயப்பட ஒண்ணுமில்ல," என்றாள் கொரின்.

இங்கேதான் வெர்லின் தப்புச் செய்தார். கோபம் வந்துவிட்டது.

"அப்ப வா என்கூட, இப்பவே. ராத்திரி இறுகின பனி. நீ ஒரு தடவைகூட விழுந்து உக்காராம கீழ வந்துட்டா, இந்தப் பலகையை நானே என் கையால மாட்டறேன்."

"வாக்கா?"

"வாக்கு."

உச்சியில் லிஃப்ட் கொட்டகையில் மார்வா இருந்தாள். நாற்காலியிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அறுபத்திரண்டு வயது. மெழுகு காய்ச்சித் தடவிய தோல் கையுறை, அதைவிடக் கெட்டியான வாய்.

"யோவ் வெர்லின், முதலாளியம்மாவைக் கொல்லவா கூட்டிட்டுப் போற? வெள்ளிக்கிழமை எனக்குச் சம்பளம் வரணும்யா!"

கொரின் கைக்கோலை ஊன்றினாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனாள். வளைவு வந்தது. அவள் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. சாம்பல் நிறப் பனியில் ஸ்கீ விளிம்பு கிறீச்சிட, துணி தைக்கிறவள் நூல் இழுக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் பன்னிரண்டு திருப்பம். அவ்வளவுதான். மேலே நாற்காலியில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் கைதட்டினார்கள். அந்த மலையில் அது வழக்கம். லிஃப்டுக்குக் கீழே யாராவது நன்றாக இறங்கினால் கைதட்டுவார்கள், விழுந்தால் ஊளையிடுவார்கள்.

வெர்லின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தபோது அவள் மூச்சுக்கூட வாங்கவில்லை.

"மாட்டிடறீங்களா?"

அவர் லிஃப்டில் ஏறி உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி வழியில், கீழே நீலச் சரிவில் ஆரஞ்சு நிறக் காற்சட்டை போட்ட ஒருவன் வந்துகொண்டிருந்தான். காலை அகட்டி, பின்பக்கத்தைத் தள்ளி, கைக்கோல் இரண்டையும் குடை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தான். முகத்தில் அத்தனை சந்தோஷம். வெர்லின் அவனையே பார்த்தார்.

"பலகை உனக்கு இல்லம்மா," என்றார். "உனக்கு எதுக்குப் பலகை? கண்ணைக் கட்டி விட்டாலும் நீ இறங்கிடுவ. அதோ அந்த ஆரஞ்சுக் காற்சட்டைக்காரனுக்குத்தான் பலகை. நான் உன்னைக் கூட்டிட்டுப் போனதே தப்பு. மாட்ட மாட்டேன்."

"நீங்க வாக்குக் குடுத்தீங்க."

"குடுத்தேன். முட்டாத்தனமான வாக்கு. திருப்பி எடுத்துக்கிறேன்."

"அப்படியெல்லாம் எடுக்க முடியாது வெர்லின்."

"எடுத்தாச்சு."

மேலே இறங்கும்போது இது மார்வா காதில் விழுந்துவிட்டது. அவள் கேலிகூடச் செய்யவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் காகிதம் இல்லாமல், வாய்ச்சொல்லில் டிரக் வாங்கி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வெர்லினும் அதில் ஒருத்தர். சொன்ன சொல்லை அவர் மாற்றி யாரும் பார்த்ததில்லை.

"அந்த மேப்காரனை நாளைக்கு என்கூட அனுப்பு," என்றார் கொரினிடம். "வரைஞ்சவனே போய்ப் பாக்கட்டும். அவன் நீலம்னு சொன்னா நான் வாயைத் திறக்கல."

"இதுவும் வாக்கா?" என்று கேட்டாள் கொரின்.

அவர் ஸ்கீயைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்.

கேரிக் ஆஸ்ட்ராண்டர் விஸ்கான்சின்காரன். முப்பத்தைந்து வயது, புது ஸ்கீ, புது ஹெல்மெட். சிரித்த முகம். மறுநாள் பத்து மணிக்குத் தானாகவே வந்து நின்றான்.

"எங்க ஊர்ல நான் கறுப்பிலதான் போவேன் பெரியவரே. எல்லாக் கறுப்பிலயும் போயிருக்கேன்."

வெர்லின் ஒரு கல்யாணத்துக்காக விஸ்கான்சின் போனபோது அந்த ஊர் மலைகளில் ஒன்றைப் பார்த்திருக்கிறார். உச்சியில் நின்றால், அடிவாரச் சாப்பாட்டுக்கடையில் வெங்காயம் வதங்குகிற வாசனை வரும். அவ்வளவுதான் உயரம். அங்கேயும் ஒரு கறுப்பு உண்டு. அந்த மலைக்கு அதுதான் கஷ்டமான சரிவு. ஆகவே அதற்குக் கறுப்பு. பொய் இல்லை. ஆனால் அதை இங்கே கொண்டுவந்து செலவழிக்க முடியாது.

"தம்பி, ஒண்ணு சொல்லிடறேன். வளைவு வரைக்கும் போனாத் திரும்பி நடந்து வந்துடலாம். வளைவைத் தாண்டினா கீழதான். நல்லா யோசிச்சுக்க."

"நான் வரைஞ்ச சரிவு பெரியவரே. என்னையே பயமுறுத்தறீங்களா?"

அன்று கொரினும் அடிவாரத்தில் நிற்பதாக இருந்தது. கம்பெனியிலிருந்து போன் வந்து உள்ளே போய்விட்டாள். நடு வாரம், நாற்காலிகள் காலியாக ஆடிக்கொண்டு போயின.

மேடையில் கேரிக் ஜோராகப் போனான். ஒரு திருப்பத்தில் பனியைத் தூவிக்கூடக் காட்டினான். வளைவில் வெர்லின் கை காட்டி நிறுத்தப் பார்த்தார். அவன் நிற்காமல் தாண்டினான். பத்து கஜம் போயிருப்பான். ஸ்கீ பிடிக்கவில்லை. சறுக்கி, பக்கவாட்டில் உட்கார்ந்து, எப்படியோ நின்றான். கீழே பார்த்தான். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

வெர்லின் வந்து அவனுக்குக் கீழ்ப்பக்கமாக நின்றுகொண்டார்.

"அடி பட்டிருக்கா?"

"இல்ல."

"எந்திரி."

"முடியல. கால் என் பேச்சைக் கேக்கல."

"நீலந்தானே தம்பி. குடும்பம் குடும்பமா வரப்போற எடம்."

கேரிக் ஏதோ திட்டினான். பல் தந்தியடித்ததில் என்ன திட்டு என்று புரியவில்லை. வெர்லினுக்குக் கேலி போதும் என்று பட்டது. மீட்பு வண்டியைக் கூப்பிட மார்பில் இருந்த ரேடியோவை எடுத்தார். கேரிக் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் பெரியவரே. தயவுசெஞ்சு வேண்டாம். ரேடியோல சொன்னா மலை முழுக்கக் கேக்கும். நான் வந்து நாலு மாசம்தான் ஆச்சு. வண்டியில கட்டி இறக்கினா நான் எப்படி இங்க தலை காட்டுவேன்?"

வெர்லின் ரேடியோவைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். ரேடியோவைத் திருப்பி மாட்டினார்.

"சரி. கீழ பாக்காத. என் தோளைப் பாரு. ஸ்கீயைக் குறுக்க வெச்சு விளிம்புல நில்லு. கொஞ்சமா விடு. பிடி. விடு. பிடி."

ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆயிற்று. இரண்டு தடவை கேரிக் சறுக்கி வெர்லின் மேல் வந்து இடித்தான். வலது முழங்கால் ஒவ்வொரு இடிக்கும் பதில் சொன்னது. வேறு எதுவும் பேசவில்லை. விடு, பிடி, விடு, பிடி.

கீழே கொரின் காத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கேரிக், இவ்வளவு நேரமா? எப்படி இருந்துச்சு?"

கேரிக் ஹெல்மெட்டைக் கழற்றினான். தலையில் ஆவி பறந்தது. வெர்லினைப் பார்க்காமல் சொன்னான்.

"ஸ்கீ பிடிப்பு கழண்டுபோச்சு. அதைச் சரிபண்றதுல நேரமாயிடுச்சு. சரிவு பரவாயில்ல. நீலந்தான்."

வெர்லின் கொரின் பக்கம் திரும்பினார்.

"இவன் வளைவுக்குக் கீழ உக்காந்துட்டான்மா. அங்குலம் அங்குலமா நான்தான் இறக்கினேன்."

"ரேடியோல ஒண்ணுமே வரலையே வெர்லின். ஆள் மாட்டிக்கிட்டா ரேடியோல சொல்லணும்னு ஊருக்கே சொல்லிக்குடுக்கறது நீங்கதானே?"

"இவன்தான் வேண்டாம்னான்."

கேரிக் காலணிப் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

கொரின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா நேத்து என்கிட்ட வாக்கு மாறினது ஒருத்தர்தான்."

வெர்லின் குனிந்து ஸ்கீயைக் கழற்றினார்.

அன்று மத்தியானம் கொரினே மேலே போய்க் கறுப்புப் பலகையைக் கழற்றிக் கொட்டகைக்குப் பின்னால் சாத்திவிட்டு, நீலப் பலகையை முடுக்கினாள். வெர்லின் பக்கத்தில் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார். அவள் முடித்ததும், தோளில் தொங்கிய மஞ்சள் கயிற்றை எடுத்து, சரிவின் வாயில் இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்குக் கட்டினார். நடுவில் 'மூடப்பட்டுள்ளது' அட்டையைத் தொங்கவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"பலகை உன்னோடது. கயிறு என்னோடது."

எந்தச் சரிவைத் திறப்பது, எதை மூடுவது என்பது பேட்ரோல் தலைவர் முடிவு. புதுக் கம்பெனி வந்ததும் எழுதிச் சுவரில் ஒட்டிய விதி அது. கொரினே கையெழுத்துப் போட்டது. வெர்லின் படித்த ஒரே காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

"எத்தனை நாளைக்கு?"

"அது கறுப்பாகற வரைக்கும்."

"இது அடாவடி வெர்லின்."

"ஆமா."

"சனிக்கிழமை கூட்டம் வரும். அதுக்குள்ள கழட்டலைன்னா உங்க சிவப்புச் சட்டையைக் கழட்ட வேண்டியிருக்கும்."

"சனிக்கிழமை வந்து கழட்டிக்க. அது வரைக்கும் குளிருது."

வியாழக்கிழமை, சரிவை மூடியதற்குக் காரணமாகப் பதிவேட்டில் 'ஐஸ்' என்று எழுதினார். வெள்ளிக்கிழமையும் அதே எழுதினார். இரண்டு நாளும் உள்ளூர்க்காரர்கள் அவரைத்தான் ஏசினார்கள். ஹாட்டி அடுப்பு அவர்களுக்கு உயிர். மார்வா தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பன்றிக்கறி சாண்ட்விச்சைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அதில் ஒரு தடவை இறங்கிவிட்டு வருவாள்.

"உனக்கும் அந்தம்மாவுக்கும் சண்டைன்னா என் சோத்து நேரத்துல ஏன்யா கயிறு கட்டற? எனக்குக் கறுப்பும் ஒண்ணுதான் நீலமும் ஒண்ணுதான். பலகையைப் பாத்தா நான் இறங்கறேன்?"

"உனக்காகக் கட்டல."

"வாக்கு மாறின ஆளு சொன்னா நான் நம்பணுமாக்கும்?"

"நம்பாத. ஆனா கயிறை மட்டும் தொடாத."

சனிக்கிழமை கூட்டம் வந்தது. எல்லார் கையிலும் புது மேப். பத்து மணிக்கு ஹாட்டி அடுப்பு வாயில் இருபது பேர் நின்றார்கள். நீலம், ஆனால் கயிறு. ஏன் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கொரினும் வந்துவிட்டாள்.

"வெர்லின், கடைசியா கேக்கறேன். கயிறை எடுங்க."

"பலகையை எடு."

"அப்ப சட்டையைக் குடுங்க."

வெர்லின் ஜிப்பை இழுத்துச் சட்டையைக் கழற்றினார். பூஜ்யத்துக்குக் கீழே குளிர். உள்ளே பழைய கம்பளிப் பனியன், முழங்கையில் ஓட்டை. சட்டையைக் கொரின் கையில் கொடுத்துவிட்டு, கயிற்றின் நடுவில் போய், இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சட்டை குடுத்தாச்சு. இப்ப நான் பேட்ரோல் இல்ல. வெறும் கிழவன். கிழவனைத் தாண்டிட்டுப் போங்க."

யாரும் அசையவில்லை. யாரோ போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். சுருட்டை முடி, கையில் மேப். பின்னால் கேரிக்.

"மன்னிச்சுக்கங்க, இதானே ஹாட்டி அடுப்பு? என் வீட்டுக்காரர் வரைஞ்ச மேப் இது," என்றாள் அவள், கூட்டத்துக்கே சொல்வது போல. "நான் டெஸ்ஸா. போன வருஷம்தான் நீலத்துக்கு வந்தேன். நீலத்துலயே இதுதான் அழகுன்னு இவரு மேப்புல எழுதியிருக்காரு. இதுக்காகவே விஸ்கான்சின்லேருந்து வந்திருக்கேன். ஏன் மூடியிருக்கு?"

வெர்லின் நிமிர்ந்து கேரிக்கைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கயிற்றை ஒரு பக்கம் மெல்ல அவிழ்த்தார். வழி திறந்தது.

"கேளும்மா. உன் வீட்டுக்காரரையே கேளு. புதன்கிழமை இவரு இதுல இறங்கினாரு."

"நெஜமாவா? எப்படி இருந்துச்சு கேரிக்? நான் போலாமா?"

கேரிக் மேடையைப் பார்த்தான். அகலமாக, வெள்ளையாக, தொட்டில் மாதிரிக் கிடந்தது. டெஸ்ஸா ஏற்கெனவே ஸ்கீயை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொரின் சிவப்புச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"போகாத," என்றான்.

"ஏன்?"

"கறுப்பு." அவள் ஸ்கீக்கு முன்னால் கைக்கோலை ஊன்றினான். "இது கறுப்பு டெஸ். நான் வளைவுக்குக் கீழ உக்காந்துட்டேன். எந்திரிக்க முடியல. இவருதான் ஒரு மணி நேரம் எனக்குக் கீழ நின்னு இறக்கினாரு. ரேடியோல சொல்லாதீங்கன்னு கெஞ்சினேன். அப்புறம் கொரின்கிட்டப் பொய் சொன்னேன்."

மார்வா கொட்டகையிலிருந்து கத்தினாள்.

"அப்பாடா! ஆம்பளைங்க உண்மை பேச மூணு நாள் ஆகுதுப்பா இந்த மலையில!"

கேரிக் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கறுப்புப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மார்வாவிடம் திருப்புளி வாங்கினான். ஒரு திருகாணி பனியில் விழுந்தது. தேடினான். வெர்லின் குனிந்து உதவவில்லை. அவனே தேடி எடுத்து, அவனே முடுக்கினான்.

கொரின் சட்டையை நீட்டினாள்.

"மேப் எல்லாம் அடிச்சு வந்தாச்சு வெர்லின்."

"கறுப்பு மை வாங்கு. ஒவ்வொண்ணா பூசு."

"பூசறேன்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா நீங்க என்கிட்ட வாக்கு மாறினது மாறினதுதான். அதை நான் மறக்க மாட்டேன்."

"மறக்காத. நானும் மறக்கல."

சட்டையை மாட்டிக்கொண்டு கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டார். மூடியிருந்த சரிவைத் திறந்தால் முதலில் இறங்குவது பேட்ரோல்காரர். உள்ளூர்க்காரர்கள் கைக்கோலால் பனியைத் தட்டிக்கொண்டு பின்னால் வரிசை கட்டினார்கள். மார்வா சாண்ட்விச்சைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு இரண்டாவதாக நின்றாள். வெர்லின் கறுப்புப் பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கினார்.

மேடையில் நன்றாகத்தான் போனார். வளைவையும் தாண்டினார். நாலாவது திருப்பத்தில் வலது முழங்கால் கைவிட்டுவிட்டது. உட்கார்ந்தார், சறுக்கினார், முப்பது கஜம் முதுகிலேயே போய் ஒரு பனி மேட்டில் இடித்து நின்றார். தொப்பி ஒரு பக்கம், கைக்கோல் ஒரு பக்கம். சனிக்கிழமை லிஃப்டில் ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை. மொத்த லிஃப்டும் ஊளையிட்டது.

பின்னாலேயே வளைவு வரைக்கும் வந்து நின்ற கொரின் குனிந்து கத்தினாள்.

"வெர்லின்! வண்டி அனுப்பட்டுமா?"

அவர் எழுந்து நின்று, வாயில் இருந்த பனியைத் துப்பி, மிச்சமிருந்த ஒரு கைக்கோலை மேலே தூக்கினார்.

"எதுக்கு? பலகையைப் பாத்துட்டுத்தான்மா விழுந்தேன்!"